ஆமை விளக்கு எரிகிறது!

வயதான மின்சாரக் காருக்கு என்ன நோய்? என்ன வைத்தியம்?

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மாலை நேரம். மின்சாரக் காரில் வீடு திரும்பிக் கொண்டு இருக்கிறார்கள். அப்பா ஓட்டுகிறார். பக்கத்தில் அம்மா. பின்னால் 2 குழந்தைகள். காருக்கு வயது 10 ஆகி விட்டது.

வீட்டுக்கு இன்னும் 10 கிலோ மீட்டர் இருக்கிறது. "இன்னும் 25 கிலோ மீட்டர் ஓடலாம்" என்று டேஷ்போர்டு சொல்கிறது. ஆகவே யாருக்கும் கவலை இல்லை.

ஒரு மேடு வருகிறது. கார் ஏறுகிறது. பாதி மேட்டில், 25 என்ற எண்ணைக் காணோம்! அந்த இடத்தில் வெறும் 3 கோடுகள். சிறிது நேரத்தில் ஒரு குட்டி ஆமைப் படம் பளிச்சென்று எரிகிறது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் எடுக்க மறுக்கிறது. ஊர்ந்துதான் போகிறது.

"ஆமை எதுக்குப்பா வந்திருக்கு?" என்று பின்னால் இருந்து குழந்தை கேட்கிறது. அப்பா வாய் திறக்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போகிறார்கள். "பாட்டரி போய் விட்டது. புதிது போட வேண்டும்" என்கிறார்கள். விலையைக் கேட்டதும் அம்மாவுக்குத் தூக்கி வாரிப் போடுகிறது. இன்று அந்தக் காரை விற்றால் கிடைக்கும் பணத்தைவிடப் பாட்டரியின் விலை அதிகம்!

அப்படியானால் காரைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ள வேண்டியதுதானா?

பொறுங்கள். அவசரம் வேண்டாம். அந்தப் பாட்டரி முழுவதும் கெட்டுப் போய் இருக்காது. கெட்டது ஒரு சின்ன மூலையாக இருக்கலாம்.

இலைக் கார்

ஆமைப் படம் எரிகிற இந்தக் கார் எது தெரியுமா? அதன் பெயர் "லீஃப்". ஆங்கிலத்தில் இலை என்று அர்த்தம். ஜப்பான் நாட்டு நிசான் கம்பெனி செய்தது. 2010-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஏராளமாக விற்ற மின்சாரக் கார்களில் இதுதான் மூத்த பிள்ளை. மூத்த பிள்ளை என்பதால் முதுமையும் இதற்குத்தான் முதலில் வந்தது.

ஜப்பானில் சில வருடம் ஓடிய லீஃப் கார்கள் கப்பல் ஏறி வேறு நாடுகளுக்குப் போயின. நியூசிலாந்துக்குப் போயின. 2015-ம் ஆண்டை ஒட்டி இலங்கைக்கும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. அப்படி வந்த பல வண்டிகளில் திரையில் வரும் எழுத்து எல்லாம் ஜப்பானிய எழுத்து! கார் ஏதோ எச்சரிக்கை செய்கிறது. என்ன சொல்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. ஆமைப் படத்துக்கு மட்டும் மொழி தேவை இல்லை.

நம் ஊர்த் தெருக்களிலும் இப்போது மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. அவை வேறு கம்பெனி, வேறு மாதிரி. ஆனால் அவற்றுக்கும் ஒரு நாள் 10 வயது ஆகும். அன்றைக்கு வரப் போகிற கேள்விகள் லீஃப் வைத்து இருப்பவர்களுக்கு முன்பே வந்து விட்டன. அதனால்தான் இந்த இலைக் காரின் கதையைச் சொல்லுகிறோம்.

தாத்தாவின் வேகம்

காரின் தரைக்கு அடியில் கட்டில் அளவுக்கு ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. அதுதான் பாட்டரி. எடை சுமார் 290 கிலோ. அதைப் பிரித்தால் உள்ளே 48 சிறிய அலுமினியப் பெட்டிகள். மெக்கானிக்குகள் இதை "மாடுல்" என்பார்கள். ஒவ்வொரு மாடுலிலும் 4 செல்கள். மொத்தம் 192 செல்கள். இந்தச் செல்களை இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து இருக்கிறார்கள். ஆக 96 ஜோடி.

ஒரு ஜோடியில் 4 வோல்ட் கூடக் கிடையாது. டார்ச் விளக்குக்குத்தான் போதும்! ஆனால் 96 ஜோடியும் கைகோத்து நிற்கும் போது சுமார் 360 வோல்ட் ஆகி விடுகிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கைகோத்து நிற்பதில்தான் வம்பும் இருக்கிறது. குடும்பத்தோடு மலைக் கோவிலுக்குப் படி ஏறுகிறீர்கள். பையன்கள் ஓடுவார்கள். தாத்தா மெல்ல வருவார். யாரும் கையை விடக் கூடாது என்றால் எல்லோரும் தாத்தாவின் வேகத்தில்தான் போக முடியும். அவர் "அப்பாடா" என்று உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டும்.

பாட்டரியிலும் இதே கதைதான். 95 ஜோடிகளில் இன்னும் மின்சாரம் இருக்கும். ஒரே ஒரு ஜோடி தளர்ந்து போய் இருக்கும். சமவெளியில் அது எப்படியோ சமாளித்து விடுகிறது. மேடு ஏறும் போது மோட்டார் அதிக மின்சாரம் கேட்கிறது. தளர்ந்த ஜோடியின் வோல்ட் மடமடவென்று கீழே இறங்குகிறது. அதை மேலும் கசக்கிப் பிழிந்தால் அடியோடு கெட்டு விடும். அதனால் காரின் கம்ப்யூட்டர் குறுக்கே வந்து, "போதும், மெதுவாகப் போ" என்று ஆமையைக் காட்டி விடுகிறது.

ஆகவே ஆமை எரிந்தால் கார் செத்து விட்டது என்று பொருள் இல்லை. அந்தத் தாத்தா யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒளிந்து கொள்ளும் நோய்

எப்படிக் கண்டுபிடிப்பது? காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிறிய துளைப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு கருவியைச் செருகினால் அது கைப்பேசியோடு பேசும். "லீஃப் ஸ்பை" என்று ஒரு செயலி இருக்கிறது. அது 96 ஜோடிகளின் வோல்ட்டையும் வரிசையாகக் கோடு போட்டுக் காட்டும். டாக்டர் கையில் இருக்கும் ஸ்டெதாஸ்கோப் மாதிரி!

இங்கே ஒரு தந்திரம் தெரிந்து இருக்க வேண்டும். பட்டறைக்குப் போகிறோமே என்று இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, நிறைந்த பாட்டரியோடு போகாதீர்கள். அப்போது 96 கோடுகளும் ஒரே உயரத்தில் இருக்கும். "ஒன்றும் இல்லையே" என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். ராத்திரி எல்லாம் காய்ச்சலில் புரண்ட பிள்ளை, டாக்டரைப் பார்த்ததும் சிரித்து விளையாடுவது இல்லையா? அதே கதை.

பாட்டரி குறைந்து இருக்கும் போது, மேடு ஏறிக் கொண்டே சோதிக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். எல்லாக் கோடுகளும் சேர்ந்து இறங்கினால் அது வயோதிகம். ஒன்றிரண்டு மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அது நோய்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லேசான வித்தியாசம் அல்ல. நோய் என்றால் அந்த மாடுலை மட்டும் எடுத்து விட்டு வேறு ஒன்றை வைக்கலாம். வயோதிகம் என்றால் ஒன்றை மாற்றிப் பயன் இல்லை. வண்டியை இனி பக்கத்து ஊர் வரை மட்டும் ஓட்டலாம். அல்லது பாட்டரியையே மாற்ற வேண்டும். சில சமயம் செல்லில் கோளாறே இருக்காது. மாடுல்களை இணைக்கும் உலோகப் பட்டையின் திருகு தளர்ந்து இருக்கும். அல்லது பச்சைக் களிம்பு ஏறி இருக்கும். அதைச் சுத்தம் செய்து முடுக்கினால் போதும்!

சோதித்துப் பார்க்காமல் "புதிது போடு" என்று சொல்லுகிற பட்டறையை விட்டு வெளியே வந்து விடுவதே நல்லது என்பது என் கருத்து.

குட்டிப் பாட்டரியின் குறும்பு

இன்னொரு காட்சி. காலையில் காரில் ஏறிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாகத் தீபாவளி! பிரேக் கோளாறு என்கிறது. ஸ்டியரிங் கோளாறு என்கிறது. கார் அசைய மறுக்கிறது. ராத்திரி சார்ஜ் போட்டது வீணா?

இல்லை. மின்சாரக் காரில் 2 பாட்டரிகள் உண்டு. இது பலருக்குத் தெரியாது. தரைக்கு அடியில் இருப்பது பெரியது. முன் மூடியைத் திறந்தால் தெரிவது சிறியது. மற்றக் கார்களில் இருக்குமே, அதே 12 வோல்ட் ஈயப் பாட்டரிதான்.

பெரிய பாட்டரிக்குக் கதவு மாதிரி ஒரு பெரிய ஸ்விட்ச் உள்ளே இருக்கிறது. கார் கிளம்பும் போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தக் கதவு திறக்கும் சத்தம் அது. அதைத் திறந்து விடும் வேலைக்காரன்தான் குட்டிப் பாட்டரி. வேலைக்காரன் படுத்து விட்டால் கஜானா நிறையப் பணம் இருந்தும் ஒரு காசு எடுக்க முடியாது!

குட்டிப் பாட்டரிக்கு ஆயுள் சில வருடங்கள்தான். காரை வாரக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினாலும் அது இறங்கி விடும். பாட்டரிக் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். நிறைந்து இருந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே போய் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். இதை மாற்றும் செலவு மிகக் குறைவு. பெரிய பாட்டரி போய் விட்டது என்று நினைத்து நடுங்கும் முன் இந்தக் குட்டியைப் பார்த்து விடுங்கள்.

வெயில் செய்த வினை

பெரிய பாட்டரி ஏன் தளர்கிறது? வயது ஒரு காரணம். அதைவிடப் பெரிய எதிரி வெயில்.

லீஃப் காரில் பாட்டரியின் உடல் நலத்தைக் காட்ட 12 கட்டங்கள் உண்டு. புதுக் காரில் 12-ம் எரியும். சக்தி குறையக் குறைய ஒவ்வொன்றாக அணையும். 2012-ம் ஆண்டு அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு கூக்குரல் எழுந்தது. அங்கே பீனிக்ஸ் என்ற நகரம் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் கொளுத்தும். அங்கே ஓடிய கார்களில் வாங்கிச் சில கோடைகள் கழிவதற்குள் கட்டங்கள் அணையத் தொடங்கின. வாங்கியவர்கள் கோர்ட்டு வரை போனார்கள்.

காரணம் என்ன? டெஸ்லா போன்ற கார்களில் பாட்டரியைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவம் ஓடும். அந்த லீஃப் கார்களின் பாட்டரிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. தானாக ஆறினால்தான் உண்டு. குளிர் நாட்டில் அது போதும். பாலைவனத்தில் போதவில்லை.

2012 டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. 5 வருடம் அல்லது 60 ஆயிரம் மைலுக்குள் கட்டங்கள் 9-க்குக் கீழே போனால் பாட்டரியைச் சரி செய்து தருவதாக அறிவித்தது. பிறகு வெயிலைத் தாங்கும் புதிய வகைச் செல்களையும் கொண்டு வந்தது.

கொளுத்தும் வெயிலுக்கு நாம் பீனிக்ஸ் வரை போக வேண்டியது இல்லை! ஆகவே காரை நிழலில் நிறுத்துங்கள். நிறையச் சார்ஜ் செய்த காரை நாள் கணக்கில் வெயிலில் காய விடாதீர்கள். அடியோடு தீர்ந்து போன நிலையில் வாரக் கணக்கில் போட்டு வைப்பதும் தவறு. ஒரே நாளில் பல தடவை அதிவேக சார்ஜ் போட்டால் பாட்டரி கொதிக்கும். வீட்டில் மெதுவாகப் போடும் சார்ஜ்தான் அதற்குப் பத்தியச் சாப்பாடு.

ஆரஞ்சு நிறம் என்றால்...

"மாடுலை மாற்றலாம் என்றீர்களே, நாமே கழற்றிப் பார்த்தால் என்ன?" என்று சில துணிச்சல்காரர்கள் கேட்கலாம்.

வேண்டாம்! இந்த ஒரு விஷயத்தில் துணிச்சல் உயிரைக் குடிக்கும்.

மின்சாரக் காருக்குள் ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஓடும். அந்த நிறம் எங்கே தெரிந்தாலும் அது ஆளைக் கொல்லும் மின்சாரம் என்று பொருள். பழகிய மெக்கானிக் எப்படி வேலை செய்கிறார் என்று பாருங்கள். முதலில் குட்டிப் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவார். மின்சார வேலைக்கென்றே செய்த ரப்பர்க் கையுறையை மாட்டிக் கொள்வார். பின் இருக்கைக்கு முன்னால் தரை விரிப்புக்குக் கீழே ஒரு மூடி உண்டு. அதற்குள் இருக்கும் பெரிய பிளக்கைப் பிடுங்குவார். உடனே வேலை தொடங்க மாட்டார். குறைந்தது 10 நிமிடம் காத்து இருப்பார். காருக்குள் சில கருவிகள் மின்சாரத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்துக் கொண்டு இருக்கும். அது வடிய வேண்டும். பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்து விட்டுத்தான் கை வைப்பார்.

இவ்வளவு செய்த பிறகும் பாட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்து கொண்டே இருக்கும். கிணற்றில் இருந்து வரும் குழாயை அடைத்தால் கிணற்றில் தண்ணீர் வற்றி விடுமா?

பெட்டியைத் திறந்து மாடுல் மாற்றுவதிலும் நுணுக்கம் உண்டு. புதிய மாடுலை வாங்கி வைத்தால் அது பழைய மாடுல்களோடு ஒத்துப் போகாது. ஏறக்குறைய அதே தளர்ச்சி உள்ள பழைய மாடுலாகத் தேடி, அதன் வோல்ட்டையும் மற்றவற்றோடு சமமாக்கி வைக்க வேண்டும். திரும்ப மூடும் போது பெட்டியின் விளிம்பில் பசை சரியாகப் பூசாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் மாற்றியதும் வீண், மாற்றாததும் வீண். வேலை தெரிந்த ஆளைத் தேடிக் கொஞ்சம் தூரம் போனாலும் தவறு இல்லை.

பேய் ஊரில் ஒரு பட்டறை

ஜப்பானில் நமியே என்று கடலோர ஊர் ஒன்று இருக்கிறது. 2011-ம் ஆண்டு மார்ச் மாதம் பூகம்பமும் கடல் அலையும் வந்து, பக்கத்தில் இருந்த புக்குஷிமா அணுமின் நிலையம் கெட்டது அல்லவா? அப்போது ஊர் மக்கள் அத்தனை பேரும் வெளியேற வேண்டி வந்தது. பல வருடம் அது பேய் ஊராகக் கிடந்தது. 2017-ல்தான் ஊரின் ஒரு பகுதிக்கு மக்கள் திரும்ப அனுமதி கிடைத்தது.

அந்த ஊரில் 2018-ம் ஆண்டு ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். செய்கிற வேலை என்ன தெரியுமா? பழைய லீஃப் பாட்டரிகளுக்கு மறுவாழ்வு! நிசானும் சுமிட்டோமோ என்ற கம்பெனியும் சேர்ந்து நடத்தும் "4ஆர் எனர்ஜி" அதன் பெயர்.

வந்து சேரும் பாட்டரியைப் பிரித்து 48 மாடுல்களையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். பல பாட்டரிகளில் இருந்து நல்ல மாடுல்களாகப் பொறுக்கி எடுத்து, 48 சேர்த்து, ஒரு பாட்டரி கட்டுகிறார்கள். ஜப்பானில் அதற்கு அறிவித்த விலை 3 லட்சம் யென். அதே அளவுள்ள புதிய பாட்டரி 6½ லட்சம் யென். பாதிக்கும் குறைவு!

மிச்சம் ஆகும் சுமாரான மாடுல்களையும் எறிவது இல்லை. சரக்குத் தூக்கும் வண்டி, கோல்ப் வண்டி போன்ற எளிய வேலைகளுக்கு அனுப்புகிறார்கள். நமியேயில் பழைய லீஃப் பாட்டரியையும் சூரிய ஒளித் தகட்டையும் வைத்து ஒரு தெரு விளக்கையும் ஏற்றிப் பார்த்தார்கள்.

நெதர்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் தனிப் பட்டறைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் விட்டார்கள். விபத்தில் நொறுங்கிய புதிய லீஃப் காரின் பெரிய பாட்டரியைக் கழற்றிப் பழைய காரில் பொருத்துகிறார்கள். காரின் கம்ப்யூட்டர் "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று சண்டை பிடிக்கும். அதைச் சமாதானம் செய்ய இடையில் ஒரு சிறு கருவியை வைக்கிறார்கள். பழைய கார் முன்பு ஓடியதைவிடவும் அதிக தூரம் ஓடுகிறது!

சில்லறை நோய்கள்

மின்சாரக் காரில் என்ஜின் ஆயில் கிடையாது. ஸ்பார்க் பிளக் கிடையாது. புகைக் குழாய் கிடையாது. மோட்டார் லேசில் கெடுவது இல்லை. ஆனால் வேறு விதத் தொல்லைகள் உண்டு.

பிரேக்கை எடுத்துக் கொள்ளுங்கள். காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த வேகத்தையும் மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பி விடுகிறது. பிரேக் கட்டை அதிகம் தேய்வது இல்லை. நல்லதுதானே என்று விட்டு விட்டால், உபயோகம் இல்லாத பிரேக்கில் துரு ஏறிப் பிடித்துக் கொள்ளும். வருடம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

சார்ஜ் போடும் பிளக்கையும் கவனிக்க வேண்டும். சார்ஜ் ஏறத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். சுவரில் உள்ள பிளக் தளர்ந்தோ, வீட்டுக் கம்பி மெலிந்தோ இருக்கலாம். வீடு தீப்பிடிக்கக் காரணம் காராக இல்லாமலும் போகலாம். காரை மாட்டிய பிளக்காக இருக்கலாம்.

எந்த மெக்கானிக்காலும் தீர்க்க முடியாத ரிப்பேர் ஒன்றும் உண்டு. பழைய லீஃப் கார்களில் கைப்பேசி மூலம் தூரத்தில் இருந்தே சார்ஜ் பார்க்க முடிந்தது, உள்ளே வெப்பம் ஏற்ற முடிந்தது. 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு அந்த வசதி நின்று விட்டது. கார் பேசுவதற்குப் பயன்பட்ட பழைய டெலிபோன் அலைக்கு முடிவு வரப் போவதைக் கம்பெனி காரணமாகச் சொன்னது. கார் என்னவோ வழக்கம் போல் ஓடுகிறது.

பழைய கார் வாங்குகிறீர்களா?

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிய கிலோ மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். குறைவாக ஓடி, வெயிலில் காய்ந்த கார், அதிகம் ஓடி நிழலில் நின்ற காரைவிட மோசமாக இருக்கலாம். "இத்தனை கிலோ மீட்டர் ஓடும்" என்று காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம். கடைசியாக எப்படி ஓட்டினார்களோ, அதை வைத்து அது போடும் கணக்கு அது.

விற்பவரிடம் போகும் முன், "பாட்டரி கால் பாகம் இருக்கும் போது வருகிறேன். சார்ஜ் போட்டு வைக்க வேண்டாம்" என்று சொல்லி விடுங்கள். அந்தக் கருவியைக் கையோடு கொண்டு போங்கள். பக்கத்தில் மேம்பாலம் இருந்தால் அதில் ஒரு தடவை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஜோடிகளில் எது பள்ளத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

ஒன்றிரண்டு ஜோடி விழுந்தால், மாடுல் மாற்றும் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆமையைப் பார்த்துப் பயந்து விற்கிறவரிடம்தான் மலிவான காரும் கிடைக்கிறது.